சிஎன்சி திரை கருப்பானால் முதலில் டார்ச்சைத் தேடுங்கள்

கோவை கணபதியில் சின்ன ஜாப் ஒர்க் பட்டறை எனக்கு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிஎன்சி லேத், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மிஷின் ஒன்று இருக்கிறது. அதை ஓட்டும் கம்ப்யூட்டர் ஃபானக் ஜீரோ ஐ மேட் டிசி கண்ட்ரோல். பம்ப் ஷாஃப்ட் முழுக்க அதில்தான் ஓடுகிறது.

போன ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலை மெயின் சுவிட்சைப் போட்டால் திரை கருப்பு. ஃபேன் சுற்றுகிறது. ஹைட்ராலிக் மோட்டார் ஓடுகிறது. கையால் நகர்த்தும் ஜாக் மோடில் பட்டனை அழுத்தினால் டூலைத் தாங்கும் சேடில் நகர்கிறது, டரட் பட்டனைத் தட்டினால் டூல் மாறுகிறது. எழுத்து மட்டும் இல்லை. மூளை செத்த மிஷின் எப்படி டூலை மாற்றும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் அனுப்ப வேண்டிய 400 ஷாஃப்ட் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

தெரிந்தவர் ஒருவர் நம்பர் கொடுத்தார். வந்தவர் கையில் லேப்டாப் பை, பேச்சில் ஏகப்பட்ட மரியாதை. மல்டிமீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "மெயின் போர்டு போயிருச்சுங்க சார். யூனிட்டையே எக்ஸ்சேஞ்ச் பண்ணணும், 78 ஆயிரம் ஆகும்" என்றார். இந்த மாடலில் திரையும் போர்டும் ஒரே யூனிட். அதை அப்படியே கழற்றி, 40 ஆயிரம் முன்பணத்தோடு கொண்டுபோனார். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி பில்னா 18 பர்சன்ட் சேருங்க, உங்க இஷ்டம்" என்றார். வேண்டாம் என்று சொன்ன புத்திசாலி நான்தான். ஒரு வெள்ளைத் தாளில் 'யூனிட் எக்ஸ்சேஞ்ச்' என்று கிறுக்கிக் கொடுத்தார். சீரியல் நம்பர் கிடையாது.

13 நாள் மிஷின் சும்மா நின்றது. திரும்பி வந்து மாட்டும்போது பேனல் கதவை முதுகால் மறைத்தபடி நின்றார். லைட் பிடிக்கப் போன பையனை "டீ வாங்கிட்டு வாப்பா" என்று அனுப்பிவிட்டார். திரை வந்தது. மிஷின் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் செட்டிங் எண்களான பாராமீட்டர் மொத்தமும் போயிருந்தது. "புது யூனிட்னா அப்படித்தானுங்க" என்று இன்னொரு 12 ஆயிரம். கதவுக்குப் பின்னால் பையில் இருந்த எங்கள் பாராமீட்டர் ஷீட்டைப் பார்த்துத்தான் அரை நாள் உட்கார்ந்து தட்டினார். அதன் பிறகு 300-ம் நம்பர் அலாரம், அதாவது ஆக்சிஸ் தன் தொடக்கப் புள்ளியை மறந்துவிட்டது. இரண்டு ஆக்சிஸுக்கும் ரெஃபரன்ஸ் புதிதாக வைத்து, ஒவ்வொரு டூலின் அளவுத் திருத்தமான ஆஃப்செட் எல்லாம் மறுபடி போட்டு, முதல் பத்துப் பதினைந்து ஷாஃப்டைக் கழிவில் எறிந்தோம்.

மாசியில் மறுபடி திரை கருப்பு. அவர் போன் எடுக்கவில்லை. இந்த முறை மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டேன். வந்ததும் டார்ச் கேட்டார். பட்டறை லைட்டை அணைக்கச் சொல்லி, திரை மீது சாய்வாக அடித்தார். கருப்புக்குள்ளே சாம்பல் நிறத்தில், பழைய ஸ்லேட்டில் அழித்த எழுத்து மாதிரி, பொசிஷன் பக்கம் தெரிந்தது. எக்ஸ், இசட், அதற்கு எதிரே எண்கள். கைச் சக்கரத்தைச் சுற்றினால் எண்ணும் மாறுகிறது.

"கண்ணு, மிஷின் பேசிக்கிட்டேதான் இருக்குது. உனக்குத்தான் வெளக்கு இல்ல" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். எல்சிடிக்குத் தானாக ஒளி கிடையாது, பின்னால் மெல்லிய குழல் விளக்கு எரிகிறது. 24 வோல்ட் டிசியைப் பல நூறு வோல்ட் ஏசியாக்கி அதற்குக் கொடுக்கிறது இன்வெர்ட்டர் என்ற சின்னத் துண்டு போர்டு. கூலண்ட் ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து அதுதான் போகிறது. (மின்சாரம் இருக்கும்போது அதில் விரல் வைக்காதீர்கள்.) இன்வெர்ட்டரும் அவர் கூலியும் சேர்த்து 6 ஆயிரம். 24 வோல்ட்டே வரவில்லை என்றால் கதை வேறு, அப்போது ஆக்சிஸும் நகராது, டூலும் மாறாது.

மாற்றும்போது யூனிட்டின் பின்மூடியில் டார்ச் பட்டது. ஆயுத பூஜைக்குப் பையன் வைத்த சந்தனப் பட்டை, நடுவில் குங்குமம், ஓரத்தில் அவன் கட்டைவிரல் இழுத்த தடம். ஐப்பசியில் 'எக்ஸ்சேஞ்ச்' ஆன யூனிட்டில் புரட்டாசிக் குங்குமம்!

பாராமீட்டர் எப்படிப் போனது என்றும் பெரியவர் சொன்னார். அதைத் தாங்கி நிற்பது 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. கழற்றினால் அரை மணி நேரத்துக்குள் புதியதைப் போட்டுவிட வேண்டும். யூனிட்டோடு பேட்டரி இருந்திருந்தால் ஒன்றும் அழிந்திருக்காது. பழைய யூனிட்டைப் புதுசு என்று நம்ப வைக்கத்தான் அந்த லேப்டாப் பைக்காரர் அழித்திருக்கிறார் என்பது என் கணக்கு.

எனவே, யாராவது யூனிட்டைக் கழற்ற வந்தால் சீரியல் ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள், திரும்பி வந்ததும் ஒப்பிட்டுப் பாருங்கள். திரை நன்றாக இருக்கும்போதே மெமரி கார்டில் பேக்கப் எடுத்து வையுங்கள். திரைக்குக் கீழே வரிசையாக உள்ள சாஃப்ட் கீ பட்டன்களில் வலது ஓரத்து இரண்டை அழுத்திக்கொண்டே பவர் போட்டால் பூட் மெனு வரும், அதில் பாராமீட்டர் இருக்கும் மெமரியை நகல் எடுக்கும் எஸ்ரேம் பேக்கப் இருக்கிறது. இன்னொன்று: கேன் (CAN) என்று எழுதிய அழிக்கும் பட்டனையும் பொசிஷன், புரோகிராம் மாதிரி ஏதாவது ஒரு ஃபங்ஷன் கீயையும் சேர்த்து அழுத்தினால் இந்த கண்ட்ரோலில் திரை தானாகவே வெறுமையாகும். அது பழுதே இல்லை, ஏதாவது ஒரு ஃபங்ஷன் கீயைத் தட்டினால் திரும்பி வந்துவிடும். துணியால் கீபோர்டைத் துடைக்கும் பையன்கள் உள்ள பட்டறையில் இது நடக்கும். பக்கத்துத் தெருக்காரர் இதற்கே விசிட் சார்ஜ் 3,500 கொடுத்திருக்கிறார்.

வேறு நம்பரில் இருந்து கூப்பிட்டதும் அந்த லேப்டாப் பை ஆள் போனை எடுத்தார். குங்குமத்தைச் சொன்னேன். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"எங்க ஆபீஸ்லயும் ஆயுத பூஜை கும்பிடுவோமுங்க சார்."