பாட்டுதான் ரிப்பேர்: 13 வருடம் பாப் மோல்ட் கேட்டவன் சொல்வது

போன மாதம் என் ஹெட்போனின் இடது பக்கம் செத்துப்போனது. தானே புயலுக்கு அடுத்த வருடம், 2012இல் வாங்கியது, அதற்கும் வயதாகிவிட்டது. புதுச்சேரியில் ஆபீஸுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கடையில் கொடுத்தேன். ஒயரை மாற்றி, சால்டர் வைத்து, 250 ரூபாய் வாங்கிக்கொண்டார். கடலூர் பஸ்ஸில் ஏறியதும், அமெரிக்க ராக் பாடகரும் கிட்டார்காரருமான பாப் மோல்டின் பழைய குழு ஹஸ்கர் டூவின் 'ஜென் ஆர்கேட்' ஆல்பத்தைப் போட்டேன். தகர டப்பாவுக்குள் குளவி புகுந்த மாதிரி இரைச்சல். மறுநாள் நேராகச் சண்டைக்குப் போனேன். அவர் காதில் மாட்டி அரை நிமிடம் கேட்டார். “ஹெட்போன் நல்லாத்தான் சார் இருக்கு. பாட்டுதான் ரிப்பேர்.”

அவர் சொன்னது சரி. பத்து நாள் கேட்காமல் இருந்ததில் எனக்கே மறந்துபோயிருக்கிறது.

இதை ஆபீஸில் சொல்லிச் சிரித்தபோதுதான் நிர்வாணா ராக் குழுவின் பைத்தியமான தம்பி ஒருவன், “அப்போ நான் எதிலேர்ந்து ஆரம்பிக்கட்டும்ணே?” என்றான். அவனுக்கான பதில் இது.

'காப்பர் ப்ளூ'. யோசிக்கவே வேண்டாம். ஹஸ்கர் டூ 1988இல் உடைந்த பிறகு மோல்ட் தொடங்கிய ஷுகர் குழுவின் முதல் ஆல்பம், 1992. இங்கிலாந்தின் என்எம்இ இசைப் பத்திரிகை அந்த வருடத்தின் சிறந்த ஆல்பம் என்றது. பத்தே பாட்டு, முக்கால் மணி நேரம். கிட்டார் சுவர் மாதிரி நிற்கும், ஆனால் மெட்டு அந்தச் சுவருக்கு மேல் ஏறி உட்கார்ந்து கால் ஆட்டும். 'ஹூவர் டேம்' பாட்டை ஒரு தடவை கேட்டுவிட்டு நிறுத்த முடிந்தால் சொல், காப்பி என் கணக்கு.

அப்புறம் 'வொர்க்புக்', 1989. குழு உடைந்ததும் மினசோட்டாவில் ஒரு பண்ணை வீட்டில் போய் இருந்துகொண்டு எழுதிய பாட்டுகள். அக்கூஸ்டிக் கிட்டார், செல்லோ. அதே ஆளா என்று சந்தேகம் வரும். 2012இல் வந்த 'சில்வர் ஏஜ்' ஐம்பது வயதைத் தாண்டியவர் போட்ட சத்தம். அந்த ஆல்பத்துக்கும் என் ஹெட்போனுக்கும் ஒரே வயதுதான், ஆனால் ஆல்பத்துக்கு இன்னும் சால்டர் தேவைப்படவில்லை. 2002இன் 'மாடுலேட்' எலக்ட்ரானிக் முயற்சி, அதைத் தாண்டிப் போய்விடு.

சரி, 'ஜென் ஆர்கேட்'டுக்கு வருகிறேன், எரிச்சல் அங்கேதான். 1984, 23 பாட்டு, இரட்டை ஆல்பம். பெரும்பாலும் முதல் டேக்கையே வைத்துக்கொண்டார்கள். அந்த அவசரம்தான் அதன் உயிர், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பேஸ் கிட்டார் எங்கே? மூன்றே பேர் உள்ள குழுவில் ஒருவர் வாசிப்பது காதில் விழவில்லை என்றால் எப்படி? அடுத்த வருடத்து 'நியூ டே ரைசிங்' இன்னும் மோசம், முழுக்கக் கீச்சுக்குரல். மோல்டும் குழுவின் டிரம்மர் கிராண்ட் ஹார்ட்டும் தாங்களே தயாரித்த 'ஃப்ளிப் யுவர் விக்' வந்தபோதுதான் காதுக்குக் கொஞ்சம் மூச்சு கிடைத்தது. இத்தனை நல்ல பாட்டுகளை இப்படியா பதிவு செய்வது என்று 13 வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இந்த ரிப்பேருக்குப் பிறகு ஒன்று பிடிபட்டது. பஸ்ஸில் 'காப்பர் ப்ளூ' போட்டால் அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் அலுத்துவிடுகிறது. டீசல் எஞ்சினின் உறுமல் அதன் அடிச்சத்தம் முழுவதையும் தின்றுவிடுகிறது, மிச்சம் வருவது பாதி ஆல்பம்தான். 'ஜென் ஆர்கேட்'டில் எஞ்சின் தின்ன எதுவுமே இல்லை! அந்தக் குளவி மட்டும் உறுமலைக் கிழித்துக்கொண்டு தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், முள்ளோடை என்று ஒரு வரி விடாமல் காதுக்கு வருகிறது. பேஸை பஸ்ஸே வாசித்துவிடுகிறது. ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் போலீஸ்காரர் மது பாட்டில் தேடி என் பையைக் கிளறும்போது, கடைசியில் வரும் பதினாலு நிமிட வாத்திய இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகவே இருந்தன.

அதனால் தம்பி, 'காப்பர் ப்ளூ'வில் ஆரம்பி, வீட்டில், ராத்திரியில், மின்விசிறியை நிறுத்திவிட்டு. 'ஜென் ஆர்கேட்' பக்கம் இப்போதைக்குப் போகாதே. பதிவு மட்டமானது, பணம் கொடுத்து வாங்காதே.

நான் நேற்றும் அதைத்தான் கேட்டேன். மஞ்சக்குப்பத்தில் இறங்க வேண்டியவன் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வந்தேன்.