வில்பத்தா, வங்காலையா, சுண்டிக்குளமா?

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இருந்து ஒரே பகலில் காட்டுயிர்களைப் பார்த்துத் திரும்ப விரும்புவோருக்கு இந்த மூன்று இடங்களும் எட்டும் தூரத்தில் உள்ளன. எது சிறந்தது என்று கேட்பதற்கு முன், எந்த மாதத்தில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வறண்ட நிலத்தில் விலங்கும் பறவையும் தண்ணீரின் பின்னால்தான் போகின்றன.

1938இல் தேசிய பூங்காவான வில்பத்தின் பெருமை அதன் வில்லுகள்: பெரும்பாலும் மாரி மழையையே ஏந்தி நிற்கும், மணற்கரையுள்ள, ஆழமற்ற இயற்கைக் குளங்கள். காட்டினுள் சிறு குட்டைகள் வற்றிப்போகும் யூன் முதல் செப்டெம்பர் வரையான காலத்தில், புள்ளிமானும் மரையும் யானையும் எஞ்சிய வில்லுகளுக்கு வந்தே ஆகவேண்டும்; மானைத் தேடிச் சிறுத்தையும் வரும். பாலைப்பழம் பழுக்கும் நாட்களும் இக்காலத்தை ஒட்டியே அமைவதால், மரத்தடியில் கரடியைக் காணவும் வாய்ப்புண்டு. ஆனால் ஜீப் வாடகையும் நுழைவுக் கட்டணமும் ஒரு சிறு குடும்பத்துக்குச் சுமை. வாகனத்தை விட்டு இறங்கவும் அனுமதியில்லை என்பதால், புழுதியிலும் வெக்கையிலும் மணிக்கணக்காக அமர்ந்திருக்கச் சிறு பிள்ளைகளால் இயலாது. நான்கைந்து பெரியவர்கள் செலவைப் பகிர்ந்துகொண்டால் மட்டுமே இதை நான் பரிந்துரைப்பேன்.

மற்றவர்களுக்கு என் தெரிவு வங்காலை. 2008இல் சரணாலயமாகி, 2010இல் ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலிலும் ஏற்கப்பட்ட இந்தப் பரவைக் கடற்பகுதியை ஊடறுத்தே மெதவாச்சி–தலைமன்னார் வீதி செல்கிறது. ஆகவே ஜீப் இன்றி, முதியோரையும் அழைத்துச் சென்று வீதியோரத்தில் நின்றே பார்க்கலாம். மத்திய ஆசியாவிலிருந்து தெற்கே வரும் பறவைகளின் பாதை இலங்கைத் தீவோடு முடிகிறது என்பதால், வாடைக்காற்றுக் காலத்தில் பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் இங்கே பெருங்கூட்டமாக இறங்குகின்றன. வழியில் முருங்கனை அண்டிய கட்டுக்கரைக்குளமும் 1954 முதல் சரணாலயமே. அதன் அணைக்கட்டில் சற்று நின்று போவது நல்லது.

2015இல் தேசிய பூங்காவான சுண்டிக்குளத்திலும் மாரியில் பூநாரைகள் உண்டு, ஆளரவமும் குறைவு. எனினும் போர் நடந்த நிலம் என்பதால், வழக்கமான தடத்தை விட்டு விலகக்கூடாது. ஊரவர் ஒருவர் உடன் வராமல் பிள்ளைகளோடு போவதை நான் விரும்பமாட்டேன்.

வங்காலைக்குப் போவோர் படத்துக்காகக் கைதட்டியோ கல்லெறிந்தோ பூநாரைகளை எழுப்பவேண்டாம். நெடுந்தூரம் பறந்து வந்தவை மேய்ந்து உடல் தேற்றும் நேரம் அது. வெயில் ஏறினால் கானல் எழுந்து தொலைவிலுள்ளவற்றை இனம்பிரிக்க முடியாது போகும் என்பதால், காலை எட்டு மணிக்கு முன்னரே அங்கு நிற்கும்படி புறப்படுங்கள்.