எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) நோய்க்கு ஸ்டெம் செல் ஊசி: கீழக்கரை, மண்டபம் பக்கத்தினர் கவனத்துக்கு

"முதுகில் ஒரே ஊசி, அன்றே வீடு" என்று விற்கப்படும் பேக்கேஜுக்கு ஒரு நட்சத்திரம்கூடத் தரமாட்டோம். எம்.எஸ். என்பது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்; அதற்கு இந்த ஊசியில் பலன் நிரூபணமாகவில்லை. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே அதைப் போடவே கூடாது. படகை அடகு வைத்துப் பணம் கட்டாதீர்கள்.

ஆதாரமுள்ள சிகிச்சை வேறு. நோயாளியின் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்லை, அதாவது புது ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்லை, பிரித்தெடுப்பார்கள். உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் செல் வேண்டும். கடும் கீமோ கொடுத்து, பழைய எதிர்ப்புச் சக்தியைத் துடைத்தபின் திரும்ப ஏற்றுவார்கள். 2019-ல் வெளியான 110 பேர் ஆய்வில், வழக்கமான எம்.எஸ். மருந்து எடுத்த பிரிவில் 34 பேருக்கு நோய் முற்றியது. ஸ்டெம் செல் ஏற்றிய பிரிவில் 3 பேருக்குத்தான். ஆனால் விட்டுவிட்டு வரும் எம்.எஸ். வகைக்கே இது. வெள்ளணு இறங்கும் நாட்களில் கிருமித்தொற்று உயிரையே வாங்கலாம். கீமோவுக்கு முன்பே கருமுட்டை, விந்து சேமிப்பு பற்றிக் கேளுங்கள்.

ஊர் திரும்பியபின் கடற்கரை வெக்கையில் பழைய மரமரப்பு தலைகாட்டினால் பதறாதீர்கள். உடம்பு குளிர்ந்ததும் அடங்கும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள்.