பழைய பிரிண்ட் கோப்புகளைத் திறக்க கோஸ்ட்ஸ்கிரிப்ட் போதுமா?

பழைய சிடியில் பிஆர்என் என்ற பிரிண்ட் கோப்புகள் கிடக்கின்றன, திறக்க ஒரு மென்பொருளும் கையில் இல்லை என்ற நிலையில் இருப்பவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: காசு கொடுத்து எதையாவது வாங்குவதற்கு முன்னால், இந்த மாதிரிக் கோப்பைப் படித்து பிடிஎஃப் ஆக்கித் தரும் கோஸ்ட்ஸ்கிரிப்ட், கோஸ்ட்பிசிஎல் என்ற இரண்டு மென்பொருளையும் இறக்கிப் பாருங்கள். சொந்தக் கணினியிலேயே ஓடும், சின்ன அச்சகத்துக்கு வேண்டிய வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். எதைச் செய்யாது என்பதையும் எழுதுகிறேன், அதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் பிளேட் காசு வீண்.

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் நாங்கள் அச்சகம் நடத்துகிறோம். கல்யாணக் கார்டு, தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீஸ், நன்கொடை ரசீதுப் புத்தகம், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், கருமக்கிரியை அறிவிப்பு, இதுதான் தொழில். அந்தக் காலத்தில் பேஜ்மேக்கரில் பக்கம் கட்டி, அச்சுப்பொறிக்கு அனுப்பாமல் 'பிரிண்ட் டு ஃபைல்' கொடுத்து, அந்தக் கோப்பை ஈப்போவுக்கு எடுத்துப்போய் ஃபிலிம் எடுப்பது வழக்கம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-ல். மூலக் கோப்புகள் எல்லாம் போய்விட்டன, பிரிண்ட் கோப்புகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. இதில் சில தோட்டங்களில் இப்போது லயமே கிடையாது, ஆட்கள் தாமான் என்னும் குடியிருப்புகளுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள், அந்தப் பள்ளி மலரில் இருக்கும் வகுப்புப் படங்களும் மாணவர் பெயர்ப்பட்டியலும் வேறு எங்கே தேடினாலும் கிடைக்காது. "பழசுதானே, தூக்கிப் போடு" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

முதலில் ஒன்று. பிஆர்என் என்ற பின்னொட்டை நம்பாதீர்கள். அச்சுப்பொறிக்குப் போக வேண்டியதை அப்படியே கோப்பில் பிடித்து வைத்தது என்பதைத் தவிர அது ஒன்றும் சொல்லாது, உள்ளே அச்சுப்பொறிக்குப் புரியும் எந்த மொழி வேண்டுமானாலும் இருக்கலாம். நோட்பேடில் திறந்து முதல் சில வரிகளைப் பாருங்கள். '%!' என்று தொடங்கினால் போஸ்ட்ஸ்கிரிப்ட். ஒரு கட்டம் போன்ற குறி வந்து, பக்கத்தில் %-12345X என்றும் அதைத் தொடர்ந்து @ போட்டு பிஜேஎல் என்றும் இருந்தால் அது வெறும் உறைதான், சில வரி கீழே 'லாங்குவேஜ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ளே இருப்பது பிசிஎல்லா போஸ்ட்ஸ்கிரிப்டா என்று எழுதியிருக்கும். 'பிகே' என்ற இரண்டு எழுத்தில் தொடங்கினால் அது ஜிப், பெரும்பாலும் விண்டோஸ் விஸ்டா காலத்தில் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்பிஎஸ் என்ற கோப்பு வகை, அதற்கு கோஸ்ட்எக்ஸ்பிஎஸ் என்று தனியாக ஒன்று உண்டு.

போஸ்ட்ஸ்கிரிப்ட் என்றால் கவலையே வேண்டாம். அடோபி 1984-ல் கொண்டுவந்த மொழி அது, அதே கம்பெனி 1993-ல் வெளியிட்ட பிடிஎஃப் அதன் வழியில் வந்ததுதான், அதனால் இதிலிருந்து அதற்கு மாறும்போது பெரிதாக எதுவும் தொலைவதில்லை. கோஸ்ட்ஸ்கிரிப்டை எல். பீட்டர் டாய்ச் 1988-ல் வெளியிட்டார், இன்றுவரை புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். பட்டன், மெனு எதுவும் எதிர்பார்க்காதீர்கள், கருப்புத் திரையில் ஒரே ஒரு வரி கட்டளை. 'பிடிஎஃப்ரைட்' என்பதை வெளியீடாகக் கொடுத்தால் வேலை முடிந்தது. கோயில் தலைவர் ஐயா வந்து, "தம்பி, கும்பாபிஷேக மலர்ல போடணும், அந்தப் பழைய தீமிதி நோட்டீஸ் அப்படியே கிடைக்குமா?" என்று கேட்டார். கிடைத்தது. திரையில் எண்ணூறு விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்தாலும் 'ஞ'வின் வளைவு வழவழப்பாக இருந்தது, தனி மையாகக் கொடுத்திருந்த சிவப்பு தனி மையாகவே வந்தது.

ஆனால் எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்திருக்க வேண்டும். பொதிந்திருந்தால் போதும், அடோபி 2023 ஜனவரியோடு டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களைக் கைவிட்டது இதைப் பாதிக்காது. அச்சுப்பொறியிலேயே எழுத்துரு இருக்கிறது என்று நினைத்து டிரைவர் அதை விட்டிருந்தால், கோஸ்ட்ஸ்கிரிப்ட் தன்னிடம் இருக்கும் வேறு எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழை உட்கார வைத்தவை, ஆக பக்கம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கிலமாக வரும். எதற்குப் பதில் எதைப் போட்டது என்பதைத் திரையில் எழுதிக் காட்டும், அதனால் செய்தியை மறைக்கும் விருப்பத்தைப் போடவேண்டாம். பழைய எழுத்துருக் கோப்பு உங்களிடம் இருந்தால் அது இருக்கும் ஃபோல்டரைக் கட்டளையில் காட்டிவிடலாம், சரியாகிவிடும்.

பிசிஎல்தான் தொல்லை. ஹெச்பி தன் அச்சுப்பொறிகளுக்காகச் செய்த மொழி அது, அலுவலக வேலைக்குத்தான் பொருத்தம். பழைய விண்டோஸ் டிரைவர்கள் பல நேரம் ட்ரூடைப் எழுத்தை வடிவமாக அனுப்பாமல் புள்ளிப் படமாக மாற்றி அனுப்பியிருக்கும், அதுவும் 300 அல்லது 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு அத்தனை புள்ளி) அளவில். கோஸ்ட்பிசிஎல் அதை நேர்மையாக பிடிஎஃப் ஆக்கித் தருகிறது, ஆனால் உள்ளே இருப்பது புள்ளிதான், புள்ளியிலிருந்து கோடு பிறக்காது. 2400 டிபிஐ-யில் பிளேட் எடுத்து கண்ணாடி வைத்து 'ண'வின் சுழிகளைப் பாருங்கள், ஓரம் படிக்கட்டாகத் தெரியும். ரசீதுப் புத்தகத்துக்கும் லேசர் பிரிண்டில் எடுக்கும் நோட்டீஸுக்கும் இது போதும், மலரின் அட்டைக்கு ஆகாது, தலைப்பை மறுபடி அடித்துப் பக்கம் கட்டுங்கள். இதை மென்பொருளின் குறை என்று நான் சொல்லமாட்டேன். எந்த மென்பொருளுக்குக் கொடுத்தாலும் கோப்பில் இருப்பதுதான் வரும்.

அமைப்பில் பார்க்க வேண்டியது படத்தின் தரம். இணையத்தில் பலர் எழுதி வைத்திருக்கும் கட்டளையில் 'ஸ்கிரீன்' என்ற அமைப்பு இருக்கும், அது படங்களை 72 டிபிஐ-க்கு இறக்கிவிடும், வகுப்புப் படத்தில் பிள்ளைகள் முகமே தெரியாது. அச்சுக்கு 'ப்ரீபிரஸ்' போடுங்கள். அப்புறம் தாள் அளவு, சும்மா விட்டால் அமெரிக்க லெட்டர் அளவை எடுத்துக்கொள்ளக்கூடும், நமக்கு வேண்டியது ஏ4, அதைச் சொல்லிவிட வேண்டும்.

பள்ளிக்கூட ஆசிரியர்கள் கேட்கும் கேள்வி, மாற்றிய பிடிஎஃப்-இல் பெயரைத் தேட முடியுமா என்பது. முடியாது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது பழைய எட்டு பிட் குறியீடு, நகலெடுத்து ஒட்டினால் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் விழும். அந்தக் குறியீடு திஸ்கியோ, 1999-ல் சென்னையில் பேசி முடிவான டாப், டாம் வகையோ என்று தெரிந்தால், வெளியே எடுத்து ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றும் கருவி கொண்டு மாற்றலாம். அது தனி வேலை, அதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

கோப்பை ஏற்றினால் மாற்றித் தருகிறோம் என்னும் இணையதளங்கள் வேண்டாம். ஒன்றில் கொடுத்துப் பார்த்ததில் பக்கத்தின் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டு வந்தது, எழுத்தெல்லாம் படமாகிவிட்டது. அது போகட்டும், நன்கொடையாளர் பெயர், வீட்டு முகவரி, ஐசி (அடையாள அட்டை) எண் எல்லாம் இருக்கும் கோப்பை முன்பின் தெரியாத இடத்தில் ஏற்றுவது சரியே இல்லை. நம்மை நம்பிக் கொடுத்தவர்களுடைய விவரம் அது.

சிலருக்குத் தலைகீழாகத் தேவைப்படும், பழைய இயந்திரத்துக்காகப் புது பிடிஎஃப்-ஐ போஸ்ட்ஸ்கிரிப்ட் ஆக்குவது. 'பிஎஸ்2ரைட்' அதைச் செய்யும். போஸ்ட்ஸ்கிரிப்டில் ஒளி ஊடுருவும் நிறம் என்பதே கிடையாது, ஆகவே கல்யாணக் கார்டில் மணமக்கள் பெயருக்குக் கீழே மெல்லிய நிழல் வைத்திருந்தால் அந்தப் பக்கமே படமாகிவிடும். நிழலை எடுத்துவிட்டு மாற்றுங்கள்.

உரிமத்தையும் படியுங்கள். கோஸ்ட்ஸ்கிரிப்ட் ஏஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருகிறது, அச்சகத்தில் பயன்படுத்தத் தடையில்லை. கோஸ்ட்பிசிஎல்லோடு வரும் யுஆர்டபிள்யூ எழுத்துருக்களுக்கு வேறு உரிமம், வணிகத்துக்கு அனுமதி கிடையாது. நம் தமிழ்க் கோப்புகளில் எழுத்து உள்ளேயே வந்துவிடுவதால் பெரும்பாலும் அவை தேவைப்படாது, ஆங்கில விலைப்பட்டியல் மாதிரி அச்சுப்பொறியின் சொந்த எழுத்தை அழைக்கும் கோப்புகளில்தான் கவனம். அப்புறம், மாற்றி முடித்தாலும் பிஆர்என் கோப்பை அழிக்காதீர்கள். பிடிஎஃப்-க்குப் பக்கத்திலேயே, எந்தப் பதிப்பில் எந்தக் கட்டளையில் மாற்றினீர்கள் என்று ஒரு சின்ன உரைக் கோப்பில் எழுதி வையுங்கள், நாளைக்கு இதைவிட நல்ல பதிப்பு வந்தால் மூலத்திலிருந்தே மறுபடி எடுக்கலாம்.