மாருத் கிட்டுக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு அளவில் (1/72) ஹெச்.எஃப்.-24 மாருத் விமானத்தின், நாமே பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் கிட் என்று சொல்லி ஒருவர் சமூக ஊடகத்தில் விற்றுக்கொண்டிருக்கிறார். நான் 5,200 ரூபாயும் கூரியருக்கு 250 ரூபாயும் கொடுத்து வாங்கினேன். வந்தது கிட்டே இல்லை. வேறு யாரோ செய்த மாடலின் மேல் சிலிக்கான் ஊற்றி அச்செடுத்து, அதில் ரெசின் என்ற இறுகும் பிசினை ஊற்றி, சரியாக இறுகுவதற்குள் பிய்த்தெடுத்து அனுப்பிய திருட்டு நகல். இன்னொருவர் ஏமாறக் கூடாது என்பதற்காக நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

முதலில், ஏன் மாருத் என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா விமானம் தயாரிக்கும் பெங்களூர் ஹெச்.ஏ.எல்.லில் ஃபிட்டராக இருந்தவர். 1969-ல் சேர்ந்தார். பல வருஷம் மாருத் லைனில்தான் வேலை. ஜெர்மனியில் ஃபோக்கே-வுல்ஃப் 190 என்ற சண்டை விமானத்தை வடிவமைத்த கர்ட் டாங்க் பெங்களூர் வந்து, நம் பொறியாளர்களோடு உட்கார்ந்து உருவாக்கிய போர் விமானம் அது. 1961 ஜூன் 17-ல் முதன்முதலாகப் பறந்தது. ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். மொத்தம் கட்டியது 147தான். நினைத்த எஞ்சின் கிடைக்காமல் ஆர்ஃபியஸ் 703 இரண்டை வைத்துச் சமாளித்ததால் எதிர்பார்த்த வேகம் வரவில்லை என்று எல்லாப் புத்தகங்களும் எழுதும். அப்பா அதைப் படித்துவிட்டு, "வேகம் வரலன்னா என்ன, 1971 சண்டைல போய்ட்டு அடி வாங்கிக்கிட்டும் திரும்பி வந்துச்சு இல்ல" என்பார். இப்போது அவருக்கு 77 வயது. அவர் மேஜைமேல் ஒரு மாருத் நிற்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எனக்கு ஆசை.

பெரிய கிட் கம்பெனிகள் மிக், மிராஜ் போர் விமானங்களைப் பத்து விதமாகப் போடுவார்கள், மாருத்தைக் கண்டுகொள்வதில்லை. உலகத்தில் ஒரே ஒரு விமானப்படை மட்டும் வைத்திருந்த, 147 மட்டுமே கட்டிய விமானத்துக்கு யார் எஃகு அச்சு வெட்டப் போகிறார்கள்? சின்னத் தயாரிப்பாளர்கள் எப்போதாவது போடும் கிட்டைத் தேடிப் பிடிப்பதுதான் வழி. இப்படித் தவிக்கிறவர்களைத்தான் அந்த ஆள் குறி வைக்கிறார்.

அவர் போட்டிருந்த படங்கள் நாலும் கட்டி, பெயின்ட் அடித்து முடித்த மாடலின் படங்கள். மேலே பச்சையும் பழுப்புமாகக் கேமஃப்ளாஜ், அடியில் சாம்பல், அழகான வேலை. "ஸ்ப்ரூ ஃபோட்டோ அனுப்ப முடியுமா?" என்று கேட்டேன்; ஸ்ப்ரூ என்றால் கிட்டின் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம். "சீல் பண்ண பாக்ஸ் ப்ரோ, பிரிச்சா கலெக்டர் வேல்யூ போயிடும்" என்றார். இஞ்செக்‌ஷன் மோல்டிங்தானே (உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திச் செலுத்திச் செய்வது) என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் ஆமாம் என்றார். பணத்தை யு.பி.ஐ.யில் நேராக அவர் நம்பருக்குப் போடச் சொன்னார். போட்டேன். பன்னிரண்டு நாளில் பார்சல் வந்தது.

சீல் பண்ண பாக்ஸ் என்றாரே, அது ஸ்வீட் கடை அட்டைப்பெட்டி மாதிரி ஒன்று. மேலே கலர் பிரின்ட் அவுட் ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு ஜிப் கவரில் பிஸ்கட் நிறத்தில் ரெசின் துண்டுகள். ஸ்ப்ரூவே கிடையாது. கவரைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற நெடி, தொட்டால் கையில் பிசுபிசுவென்று எண்ணெய். அச்சிலிருந்து கழன்று வரப் பூசும் ரிலீஸ் ஏஜென்ட்டைக் கழுவாமலே அனுப்பியிருக்கிறார். அதன் மேல் பெயின்ட் பிடிக்கவே பிடிக்காது, மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகிப்போகும்.

சரி, பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவி, காயவைத்துவிட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். இரண்டு இறக்கையும் வாழைப்பட்டை மாதிரி வளைந்திருந்தன. அது பெரிய விஷயமில்லை. சுடுதண்ணீரில் முக்கி, தட்டையான கண்ணாடிமேல் வைத்து அழுத்தி, உடனே குளிர்ந்த தண்ணீரில் விட்டால் நிமிரும். நிமிர்ந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் பாதி வளைவு திரும்ப வந்திருந்தது.

காற்று உள்ளே போகும் இன்டேக்தான் மாருத்தின் முகமே. இரண்டு பக்கமும் அரைக் கூம்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். இடது பக்கக் கூம்பின் நுனியில் கடுகளவு ஒரு புள்ளி தெரிந்தது. கத்தி முனையால் லேசாகத்தான் தொட்டேன். முட்டை ஓடு மாதிரி மேல்தோல் உள்ளே போய்விட்டது. கூம்பு முழுக்கக் காற்றுக்குமிழி, உள்ளே வெறும் பொந்து. ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலக்கும்போது காற்று புகத்தான் செய்யும். பொறுப்பாகச் செய்கிறவர்கள் வேக்குவத்தில் வைத்து அந்தக் காற்றை எடுத்துவிடுவார்கள், இல்லையென்றால் பிரஷர் பாட் என்ற அழுத்தப் பாத்திரத்துக்குள் வைத்து வார்ப்பார்கள். இவர் டம்ளரில் கலக்கி ஊற்றியிருக்கிறார். அதன்பிறகு எங்கே தொட்டாலும் பொந்து. முன்சக்கரக் கால் பாதிதான் வார்ந்திருந்தது, வால் இறக்கையின் ஒரு நுனி இல்லவே இல்லை.

அப்புறம் ஸ்கேலை எடுத்தேன். இதை மாருத் வாங்கப்போகிற எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். நிஜ மாருத்தின் இறக்கை நுனிக்கு நுனி 9 மீட்டர், 72-ஆல் வகுத்தால் 125 மில்லிமீட்டர். நீளம் 15.87 மீட்டர், மாடலில் 220 மில்லிமீட்டர். எனக்கு வந்ததில் இறக்கை 121, உடலின் இடது பாதி 214, வலது பாதி 216. இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று பொருந்தவே வழியில்லை. அளவு ஏன் குறைந்தது என்றால், ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். ஒரு மாடலிலிருந்து நகல் எடுத்து, அந்த நகலிலிருந்து இன்னொரு நகல் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் சுருக்கம் கூடிக்கொண்டே போகும், தகடுகள் சேரும் கோடான பேனல் லைனும் மழுங்கிக்கொண்டே போகும். இது நகலின் நகல் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக்கூடப் போடவில்லை. உடல் பாதியைக் கையில் வாங்கி, கட்டைவிரலால் நடுவிலிருந்து வால் வரைக்கும் மெதுவாகத் தடவினார். "இது மாருத் இல்லப்பா. இடுப்பு எங்க?" என்றார். ஒலி வேகத்தை நெருங்கும்போது காற்றின் இழுப்பைக் குறைக்க, இறக்கை சேரும் இடத்தில் உடலை ஒடுக்கி வடிவமைப்பார்கள், ஏரியா ரூல் என்பார்கள். மாருத்தைப் பார்த்த எவருக்கும் முதலில் தெரிவது அந்த ஒடுங்கல்தான். இதில் அது கிட்டத்தட்ட நேர்க்குழாய். பின்னால் பக்கம் பக்கமாக இருக்க வேண்டிய இரண்டு எக்ஸாஸ்ட்டும் ஒரே நீள்வட்டக் குழியாக ஒட்டிப்போயிருந்தன. அப்பா அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. கையிலிருந்ததை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பணம் போனதைவிட எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மாடலின் மேல் ஒட்டும் சின்னங்களான டெக்காலையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் நனைத்து நழுவவிட்டு ஒட்டும் வாட்டர்ஸ்லைடு என்றுதான் விளம்பரம். ஒரு மூலையை வெட்டித் தண்ணீரில் போட்டேன், காவி நிறம் மஞ்சள் தண்ணீர் மாதிரி கரைந்து ஓடியது. இன்க்ஜெட்டில் அடித்துவிட்டு மேலே வார்னிஷ்கூட அடிக்கவில்லை. சாதாரணப் பிரின்டரில் வெள்ளை மை கிடையாது, அதனால் ட்ரான்ஸ்பரன்ட் தாளில் அடித்தால் விமானப்படை வட்டச் சின்னத்தின் வெள்ளை வளையம் கேமஃப்ளாஜ்மேல் காணாமல் போய்விடும். இதெல்லாம்கூடப் போகட்டும். நம் விமானப்படை வட்டத்தில் வெளியே காவி, நடுவில் பச்சை. இவர் வெளியே பச்சையும் நடுவில் காவியுமாக அடித்திருக்கிறார்.

படங்களோடு அவருக்கு எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், "சார் இது ஷார்ட் ரன் கிட், எக்ஸ்பர்ட்ஸுக்குத்தான், உங்களுக்குக் கட்ட வரல" என்று வந்தது. பணம் வாங்கும் வரை ப்ரோ, கேள்வி கேட்டதும் சார்.

நிஜமான ஷார்ட் ரன் கிட்டுகளை நான் பத்து வருஷமாகக் கட்டுகிறேன். அவை கஷ்டமானவைதான். அச்சு மலிவானது, கொஞ்ச எண்ணிக்கைக்குத்தான் தாங்கும். பாகங்களைச் சேர்க்கும் பின் இருக்காது, ஓரமெல்லாம் ஃபிளாஷ் என்ற உபரி பிளாஸ்டிக் பிதுங்கி நிற்கும், ஸ்ப்ரூ சேரும் இடம் தடியாக இருக்கும். ஒவ்வொரு துண்டையும் ராவி, பத்துத் தடவை ஒட்டாமலே பொருத்தி (டிரை ஃபிட்) பார்த்து, புட்டி பூசித் தேய்க்க வேண்டும். ஆனால் அதைச் செய்தவர் வரைபடத்தைப் பார்த்து, அளவெடுத்து, தன் கைக்காசைப் போட்டு மாஸ்டர் என்ற மூல மாதிரியைச் செய்திருப்பார். உழைத்தால் கடைசியில் சரியான விமானம் கையில் நிற்கும். முரட்டுக் கிட்டும் மோசடிக் கிட்டும் ஒன்றில்லை. இந்த ஆள் அப்படிப்பட்ட ஒருவரின் உழைப்பைத் திருடி, அவர் பெயரையும் சொல்லாமல், அதையும் கெடுத்து விற்கிறார்.

இதைத்தான் அவருக்குப் பதிலாக எழுதினேன். பிளாக் செய்துவிட்டார். வங்கியில் கேட்டால், நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம், எங்களால் திருப்ப முடியாது என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், இஞ்செக்‌ஷன் மோல்டிங் என்று அவர் எழுதிய மெசேஜ், பணம் போன ரசீது, ஸ்கேலோடு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை, அது இப்போது இடிக்கிறது. நீங்கள் எடுத்துவிடுங்கள்.

யாரிடம் வாங்கினாலும் கட்டாத பாகங்களின் படத்தைக் கேளுங்கள். பக்கத்தில் ஸ்கேலும், அன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டும் இருக்க வேண்டும். சீலைப் பிரிக்க முடியாது என்றால் விட்டுவிடுங்கள். நேர்மையாக ரெசின் கிட் விற்கிறவர்கள் ரெசின் என்றே போடுவார்கள், பாகங்களின் படத்தையும் அவர்களே காட்டுவார்கள். திருப்பி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு உள்ள தளத்தின் வழியாக வாங்க முடிந்தால் கொஞ்சம் விலை கூடினாலும் அப்படியே வாங்குங்கள். ஏற்கெனவே இந்த நகலை வாங்கிவிட்டவர்கள், காப்பாற்றிப் பார்க்கலாம் என்று தேய்க்க உட்கார்ந்தால் மாஸ்க் இல்லாமல் தேய்க்காதீர்கள். ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல். ஈரம் வைத்தே தேயுங்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் பால்கனிக்குப் போய்விடுங்கள்.

போன வாரம் அதே நாலு படங்கள் வேறொரு பெயரில் திரும்ப வந்திருக்கின்றன. விலை இப்போது 5,800. அடையாளம் சொல்கிறேன்: மாடல் நிற்கும் பச்சை நிறக் கட்டிங் மேட்டின் வலது மூலை உடைந்திருக்கும், இரண்டாவது படத்தில் இடது இறக்கைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் டேப் ரோல் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கஸ்தூர்பா ரோடு விஸ்வேஸ்வரய்யா மியூசியத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே நிஜ மாருத் ஒன்று நிற்கிறது. அதைச் சுற்றிச் சுற்றி வந்து, அந்த இடுப்பைப் பக்கவாட்டில் நின்று ஏழெட்டுப் படம் எடுக்கச் சொன்னார். திரும்பி வரும்போது ஆட்டோவில், "மொதல்ல மரத்துலதான் முழு சைஸுக்குக் கிளைடர் பண்ணி, டகோட்டா விமானத்துல கட்டி இழுத்துப் பறக்க விட்டாங்க, தெரியுமா?" என்றார். தெரியும்ப்பா என்றேன். "அப்ப நல்ல கட்டையா ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார். நேற்று வாங்கிக் கொடுத்துவிட்டேன். 220 மில்லிமீட்டருக்கு பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார்.