ஊசியா, கத்தியா? உறுப்பு மாற்றுப் பெற்றவரின் மார்பில் கட்டி தென்படும்போது

சிறுநீரகமோ இதயமோ மாற்றிப் பொருத்தப்பட்ட ஒருவரின் மார்பில் சிடி ஸ்கேன் ஒரு கட்டியைக் காட்டினால், அது எப்ஸ்டீன்-பார் வைரஸ் தூண்டிய லிம்போமாவாகவோ (நிணநீர்ச் செல்களின் புற்றுநோய்), மார்பிலுள்ள தைமஸ் சுரப்பியில் எழுந்த தைமோமா என்ற கட்டியாகவோ, காசநோய் அல்லது பூஞ்சைத் தொற்றாகவோ இருக்கலாம். சுறுசுறுப்பாக இயங்கும் செல்களை ஒளிரக் காட்டும் பெட் (PET) ஸ்கேனில் தொற்றும் ஒளிரும் என்பதால் அதை வைத்து முடிவுகட்ட இயலாது. இரத்தத்தில் வைரஸ் அளவு கூடியிருப்பதும் சந்தேகத்தை வலுப்படுத்துமே தவிர நோயை உறுதிசெய்யாது. திசு எடுத்தே ஆகவேண்டும்.

மெல்லிய ஊசியால் உறிஞ்சுவது எளிது, நோயாளிக்கு வலியும் குறைவு. ஆனால் அதில் வருபவை சிதறிய செல்கள் மட்டுமே. லிம்போமாவின் வகையைப் பிரிக்கத் திசுவின் அமைப்பு குலையாமல் தெரியவேண்டும். சில லிம்போமா செல்களின் மேற்பரப்பில் இருக்கும் சிடி20 புரதத்துக்கும் வைரஸுக்கும் தனித்தனிச் சாயமேற்றிப் பார்க்கவேண்டும். கிருமி வளர்ப்புக்கும் ஒரு பகுதி போகவேண்டும். தடித்த ஊசி இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது. அதுவும் தெளிவு தராதபோது, துளைவழி அறுவை சிகிச்சையில் கிடைக்கும் பெரிய துண்டே நம்பகமானது. மாற்றுறுப்பு நிராகரிக்கப்படாமலிருக்க எடுக்கும் மருந்துகளால் எதிர்ப்பாற்றல் குன்றியவருக்குக் காயம் ஆறத் தாமதமாகும், தொற்றும் வரலாம் என்பது அதற்குரிய விலை. இருமுறை ஊசி குத்தி வாரங்களை இழப்பதைவிட அந்த விலை குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது. முழுமையாக அகற்றக்கூடிய தைமோமா என ஸ்கேனே உரக்கச் சொன்னால், ஊசியே குத்தாமல் நேரடியாக அகற்றும் வழக்கமும் உண்டு. ஆனால் மாற்றுறுப்புப் பெற்றவரிடம் லிம்போமாவின் வாய்ப்பு அதிகம் என்பதால் அந்தக் குறுக்குவழியில் எச்சரிக்கை தேவை.

சிகிச்சையிலும் இதே இழுபறிதான். வைரஸ் சார்ந்த லிம்போமா, எதிர்ப்பை அடக்கும் மருந்துகளைக் குறைத்தாலே சில வேளைகளில் சுருங்கிவிடுகிறது; போதாவிட்டால், சிடி20 உள்ள வகைக்கு வாரம் ஒருமுறையாக 4 தவணை, அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் ரிடக்ஸிமாப் மருந்தைக் கொடுத்து, பலனைப் பார்த்த பிறகே கீமோதெரபியைச் சேர்ப்பது இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கும் வழி. வைரஸ் சார்ந்த இன்னொரு புற்றுநோயான கபோசி சார்கோமாவில், எதிர்ப்பை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்தை விட்டு அதே வகைப் பயனுள்ள சிரோலிமஸுக்கு மாறுவதே பலன் தரக்கூடும். தைமோமாவுக்கோ மருந்துக் குறைப்பை நம்பிக் காத்திருப்பது வீண். அதை முழுவதுமாக வெட்டி எடுப்பதே முதன்மை.

மருந்தை எவ்வளவு குறைப்பது என்பதை மாற்றுறுப்பே தீர்மானிக்கிறது. சிறுநீரகம் நிராகரிக்கப்பட்டால் டயாலிசிஸ் கைகொடுக்கும் என்பதால் அங்கே துணிந்து குறைக்கலாம். இதயமோ நுரையீரலோ பெற்றவருக்கு அத்தகைய பின்துணை இல்லை என்பதால், அங்கே ரிடக்ஸிமாபை முன்கூட்டியே தொடங்குவது பொருத்தம்.