பினாங்கில் ஆய்வு மாணவர்களுக்கான வணிகமாக்கல் ஆலோசனைச் சேவை: ஒரு மதிப்பீடு

பினாங்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகம் தன் உயிர்த்தொழில்நுட்ப ஆய்வு மாணவர்களுக்கு வழங்கும் வணிகமாக்கல் (ஆய்வு முடிவுகளைச் சந்தைப் பொருளாக்குதல்) ஆலோசனைச் சேவையைப் பயன்படுத்தியவள் என்ற முறையில் இம்மதிப்பீட்டை எழுதுகிறேன். கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்புவதற்கு முன்பே காப்புரிமையைப் பற்றிச் சிந்திக்க வைத்ததே இச்சேவையால் நான் பெற்ற பெரும் பயன். கண்டுபிடிப்பாளரே விவரத்தை வெளியிட்டிருந்தாலும் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க மலேசியச் சட்டம் இடமளிக்கிறது; ஐரோப்பாவிலோ, மாநாட்டில் ஒட்டிய விளக்கத்தாளில் அது வெளியாகியிருந்தாலே காப்புரிமைக்குத் தேவையான புதுமை என்ற தகுதி பறிபோய்விடும். ஆலோசகர் எங்கள் கட்டுரையை வரிவரியாகப் படித்து, எந்தப் பகுதியை எப்போது வெளியிடலாம் என்று பொறுமையாக விளக்கினார்.

சொந்த நிறுவனம் தொடங்குவதா, கண்டுபிடிப்பைத் தயாரித்து விற்க வேறொரு நிறுவனத்துக்கு உரிமம் வழங்குவதா என்ற கேள்விக்கும் அவர் நேர்மையாகவே பதிலளித்தார். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் அஸ்மா இஸ்மாயில் குழுவினர் டைபாய்டு காய்ச்சலுக்காக உருவாக்கிய டைபிடாட் சோதனையும், ரஹ்மா நோர்டின் குழுவினர் யானைக்கால் நோய்க்காக உருவாக்கிய பிரூஜியா ரேப்பிட் சோதனையும் தனி நிறுவனங்களின் தயாரிப்புகளாகவே சந்தைக்கு வந்தன. பின்னது யானைக்கால் நோய் ஒழிப்புத் திட்டங்களில் வெளிநாடுகளிலும் பயன்பட்டிருக்கிறது. தொழிற்சாலை நடத்தத் தெரியாத ஆய்வாளருக்கு உரிமம் வழங்குவதே தக்க வழியாகலாம் என்பதை இந்த எடுத்துக்காட்டுகள் எனக்குத் தெளிவாக்கின.

ஒப்பந்த வரைவு மாதக்கணக்கில் தாமதமானது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை வேலைவாய்ப்பு வழிகாட்டலில் இருக்கிறது. அமர்வுகள் அனைத்தும் நிறுவனம் தொடங்குவோரையே நோக்கி அமைந்திருந்தன. 2012ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டப்படி, ஒரு சாதனத்தைப் பதிவு செய்யாமல் இங்கே விற்க முடியாது; ஆகவே பதிவு ஆவணங்களைத் தயாரிக்கவும், மருத்துவச் சாதனத் தயாரிப்புக்கான ஐஎஸ்ஓ 13485 என்ற அனைத்துலகத் தரமுறையைப் பேணவும் தெரிந்த அறிவியல் பட்டதாரிகள் நிறுவனங்களுக்குத் தேவைப்படுகிறார்கள். மருத்துவச் சாதனத் தொழிற்சாலைகள் நிறைந்த, பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை இவ்வளவு அருகில் இருந்தும், அங்கே பணியாற்றும் ஒருவரைக்கூட அழைத்துப் பேச வைக்காதது எனக்கு வருத்தமளித்தது. உயிர்த்தொழில்நுட்பம் படித்தால் வேலை எங்கே என்று கவலையோடு கேட்கும் நம் பெற்றோருக்கு அத்தகைய ஓர் அமர்வே நல்ல விடையாக இருந்திருக்கும்.

காப்புரிமை ஆலோசனைக்காக இச்சேவையை மனமாரப் பரிந்துரைக்கிறேன். வேலை தேடுவோர் நேரடியாகத் தொழிற்சாலைப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பது நல்லது. ஆலோசனை பெற விரும்புவோர் முதல் முடிவுகள் கிடைத்தவுடனேயே நேரம் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். செல்லும்போது, தேதியிட்ட ஆய்வுக் குறிப்பேட்டையும், ஆய்வுக்கு நிதி வழங்கிய அமைப்போடு செய்த ஒப்பந்தத்தின் படியையும் எடுத்துச் செல்லுங்கள்.